மனைவியைத் தலைமுழுகலாம்... பிள்ளையை?

"அவளைத் தலைமுழுகிட்டேன்... இனிமே அவளுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!"

விவாகரத்து ஆன கையோடு ஆண்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. சரி, ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டீர்கள். ஒரே கூரையின் கீழ் தினம் தினம் சண்டை போட்டுக்கொண்டு கிடப்பதைவிட அது மேல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், அவள் இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று இரண்டு குழந்தைகள் நிற்கிறார்களே... அவர்களையும் சேர்த்தா தலைமுழுகினீர்கள்?

தன் உடம்பில் பாதியையே அம்பாளுக்குக் கொடுத்தவர் என்று அண்ணாமலையாரைக் கையெடுத்துக் கும்பிடும் ஊர் எங்கள் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவது சில நிமிடங்கள்தான். அதற்காக ஜனங்கள் காலையிலிருந்தே இடம்பிடித்துக் காத்துக் கிடப்பார்கள். அதே ஊரில்தான், உடம்பில் பாதி வேண்டாம், சம்பளத்தில் ஒரு பங்காவது பிள்ளைக்குக் கொடு என்று கேட்டுக் கோர்ட்டுப் படியேறும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் இந்து உண்டு, கிறிஸ்தவர் உண்டு, முஸ்லிம் உண்டு. பிள்ளைக்குப் படியளக்காமல் நழுவுகிற அப்பன்மார்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

ஆனாலும், இங்கே முஸ்லிம் குடும்பங்களின் விஷயத்தைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். குழப்பம் அங்கேதான் அதிகம். "நம்ம பொண்ணுங்களுக்குச் சாதாரண கோர்ட்டில் ஜீவனாம்சம் கிடையாது. இத்தா காலம் மூணு மாசம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சது" என்று படித்தவர்களே இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. அந்தத் தவறான நினைப்புக்கு விலை கொடுப்பது குழந்தைகள்.

ஆரோக்கியப் பத்திரிகையில் இது எதற்கு?

நியாயமான கேள்வி. சத்துணவு பற்றி, தடுப்பூசி பற்றி, இரத்தசோகை பற்றி எத்தனையோ படிக்கிறீர்கள். குழந்தைக்குத் தினம் ஒரு முட்டை, பால், கீரை, பருப்பு, ஒரு பழம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அதையெல்லாம் வாங்கக் காசு?

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு விவரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு. அப்பா, அம்மா இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற வீடுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அப்படியென்றால், வருமானம் திடீரென்று நின்றுபோய், பிறந்த வீட்டில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் தாய், பிள்ளைகளின் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் முதலில் குறைவது எது? பால். அடுத்தது முட்டை, பழம். பிறகு, "காய்ச்சல்தானே... ரெண்டு நாள் பார்ப்போம்" என்று டாக்டரிடம் போவது தள்ளிப்போகும். இதற்கெல்லாம் முன்னாலேயே அந்தத் தாய் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருப்பாள், அது கணக்கிலேயே வராது! கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவளாக இருந்தால், தன் உடம்பில் மிச்சமிருக்கும் சத்தை எடுத்துத்தான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள்.

மனசு இன்னொரு பக்கம். நேற்றுவரை படுக்கையை நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்கும். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்று அழும். பீஸ் கட்டவில்லை என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தால், அந்த அவமானம் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. கையெழுத்துப் போடும்போது பெரியவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

ஆகவே, மாதாமாதம் வர வேண்டிய அந்தப் பணம் குழந்தையின் உடம்புக்கும் மனசுக்கும் மருந்து மாதிரி. வேளை தவறாமல் வந்தால்தான் பலன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"எங்க மார்க்கத்தில் அப்படி இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது! திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது குழந்தையின் தகப்பன் பொறுப்பு என்கிறது. அதே அத்தியாயத்தின் 241-ஆம் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் வசதி செய்து கொடுக்கச் சொல்கிறது. தலாக் பற்றியே தனியாக இருக்கும் 65-ஆவது அத்தியாயம், வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும் இல்லாதவன் தனக்கு இருப்பதிலிருந்தும் செலவிட வேண்டும் என்கிறது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

இதையே சட்டமாக்கிய முஸ்லிம் நாடுகளும் இருக்கின்றன. மலேசியாவில் கோலாலம்பூர் பகுதிக்கான 1984-ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், நியாயமில்லாமல் விவாகரத்து செய்யப்பட்ட மனைவிக்கு 'முத்ஆ' என்ற ஈட்டுத்தொகை உண்டு. குழந்தை தாயிடம் வளர்ந்தாலும் தகப்பன்தான் செலவுக்குக் கொடுக்க வேண்டும். 18 வயது வரை கட்டாயம், மேற்படிப்புக்காகக் கோர்ட் அதை நீட்டிக்கவும் செய்யலாம். எகிப்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியின் சம்மதமோ அவள் பக்கம் குற்றமோ இல்லாமல் தலாக் சொன்னால் குறைந்தபட்சம் இரண்டு வருடச் செலவுப் பணத்தை முத்ஆவாகக் கொடுக்கச் சொல்கிறது.

ஆக, தலாக் சொல்லுவதற்கு மட்டும் மார்க்கத்தைத் துணைக்குக் கூப்பிடுவதும், பிள்ளைக்குச் செலவு கேட்டால் மார்க்கத்தை மறந்துவிடுவதும் என்ன நியாயம்? சொல்லுங்கள்!

ஒரு நாளைக்கு 83 காசு!

நம் நாட்டில் இந்த விவகாரம் தெருவுக்கு வந்தது ஷா பானு என்ற மூதாட்டியால். மத்தியப் பிரதேசம் இந்தூரைச் சேர்ந்தவர். 1932-ல் கல்யாணம், ஐந்து குழந்தைகள். கணவர் வக்கீல். 43 வருடம் குடும்பம் நடத்திய பிறகு, 1975-ல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978-ல் மாதம் 500 ரூபாய் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கணவர் தலாக் சொன்னார்.

1979-ல் மாஜிஸ்திரேட் கோர்ட் கொடுக்கச் சொன்னது எவ்வளவு தெரியுமா? மாதம் 25 ரூபாய்! ஒரு நாளைக்கு 83 காசு. மறுவருடம் ஹைகோர்ட் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதுகூட ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்க்குக் கீழேதான். அதையும் எதிர்த்து அந்தக் கணவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1985 ஏப்ரல் 23-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும், ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் கொடுத்தே ஆக வேண்டும்.

அதன் பிறகு நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1986-ல் ராஜீவ் காந்தி அரசாங்கம் முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. "இத்தா காலத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்ற நினைப்பு ஊரெல்லாம் பரவியது அப்போதுதான்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. ஷா பானுவின் வக்கீல்களில் ஒருவரான டேனியல் லத்தீஃபி அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001-ல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். கூடவே அதற்குச் சரியான அர்த்தத்தையும் சொன்னார்கள். இத்தா காலத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கொடுக்கும் தொகையோ அந்தப் பெண்ணின் எதிர்காலம் முழுவதையும் மனதில் வைத்து நியாயமாக இருக்க வேண்டும். மூன்று மாதச் சோற்றுக்கு மட்டும் கணக்குப் போட்டால் செல்லாது.

அதற்கப்புறமும் சந்தேகம் கிளப்பினார்கள். தெலங்கானாவில் ஒரு கணவர், முன்னாள் மனைவிக்கு மாதம் 10,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 ஜூலை 10-ஆம் தேதி நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மஸீஹ் இருவரும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண் 1986 சட்டத்தின் கீழும் கேட்கலாம், 125-ஆவது பிரிவின் கீழும் கேட்கலாம் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த 125-ஆவது பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. நம்பர்தான் மாறியது, உரிமை அப்படியேதான் இருக்கிறது.

பிள்ளையின் கணக்கு தனிக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மனைவிக்கு உள்ளது, மாதா மாதமோ மொத்தமாகவோ... எதுவானாலும் அது அவள் கணக்கு. குழந்தைக்கு உள்ளது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டக்கூடாது.

1986 சட்டத்தில், குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை அதை வளர்க்கும் தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வயசுக்கு மேலே எனக்குப் பொறுப்பில்லை" என்று வாதாடியவர்கள் உண்டு. 1997-ல் நூர் சபா காத்தூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்கு முடிவு கட்டியது. அந்த இரண்டு வருடம் தாயின் சொந்த உரிமை. குழந்தைகளின் உரிமை தனி, அதை 1986 சட்டம் தொடவே இல்லை. பிள்ளைகள் மேஜராகும் வரை, பெண் பிள்ளையானால் கல்யாணம் ஆகும் வரை தகப்பன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கில் மூன்று குழந்தைகளுக்கும் தலைக்கு மாதம் 150 ரூபாய். அதற்காகத்தான் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது!

நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். 2024 அக்டோபரில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்று கொடுத்த தலாக் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு, கல்யாணம் முறிந்துவிட்டது என்றார் கணவர். மனைவி மறுத்தார். அப்படித் தகராறு இருந்தால் கணவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் நிரூபிக்க வேண்டும், தனியார் அமைப்பு கோர்ட் ஆகாது என்று தீர்ப்பானது. மனைவிக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு, குழந்தைக்கு மாதம் 25,000 ரூபாய் என்ற கீழ்க் கோர்ட் உத்தரவும் நிலைத்தது. அதற்கு முன்பே, 2017 ஜனவரியில், வக்கீல் பதர் சயீத் போட்ட பொதுநல வழக்கில், காஜிகள் கொடுக்கும் தலாக் சர்டிபிகேட் வெறும் அபிப்பிராயம்தான் என்று சென்னை ஹைகோர்ட் சொல்லியிருந்தது.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22-ல் தீர்ப்பு வந்ததும், 2019-ல் அதற்குச் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்திலேயே அந்தப் பெண்ணுக்கும் அவளைச் சார்ந்த குழந்தைகளுக்கும் பிழைப்புப் படி உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கணவனை ஜெயிலில் போடுகிற பகுதியைப் பற்றித்தான் ஊரே பேசியது. அடுப்பெரிய வழி செய்கிற பகுதியைப் பற்றிப் பேச ஆளில்லை!

வீறாப்பு யாருக்கு, பசி யாருக்கு?

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் குழந்தைகளுக்குப் பணம் வருவதில்லை? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதல் காரணம், பிறந்த வீட்டின் வீறாப்பு. "அவன் காசு நமக்கு எதுக்கும்மா? நாங்க இல்லையா?" என்று பெண்ணின் அண்ணன் மார்தட்டுவார். பாசத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கே அவருக்கும் கல்யாணமாகிக் குழந்தை குட்டிகள் வரும். அப்போது தங்கச்சி பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் யார் கட்டுவது? வீறாப்பு பேசியவர் ஒருவர், பசியில் கிடப்பது இன்னொருவர்!

இரண்டாவது காரணம், பஞ்சாயத்தில் நடக்கும் பேரம். பெண் சீக்கிரம் விடுதலை வேண்டும் என்று தவிப்பாள். "மஹரை விட்டுக்கொடு, குழந்தைக்கு ஒண்ணும் கேட்கமாட்டேன்னு எழுதிக் கொடு, முடிச்சு விடறோம்" என்பார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். சகோதரிகளே, மஹர் உங்களுடையது, விட்டுக்கொடுப்பதும் வாங்குவதும் உங்கள் இஷ்டம். குழந்தையின் சாப்பாட்டுக் காசை விட்டுக்கொடுக்க உங்களுக்கே உரிமை இல்லை! தாய் எழுதிக் கொடுத்தாள் என்பதற்காகப் பிள்ளையின் உரிமை போய்விடாது என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. அவசரத்தில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை, இப்போதும் பிள்ளை பெயரில் கேட்கலாம்.

மூன்றாவது காரணம், குழந்தையையே பகடைக்காய் ஆக்குவது. "பிள்ளையை என்கிட்டே கொடு, இல்லேன்னா காசு கிடையாது" என்பது அப்பாவின் ஆட்டம். "காசு வரலை, பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டேன்" என்பது அம்மாவின் ஆட்டம். இரண்டும் தப்பு. குழந்தை யாரிடம் வளர்வது என்பதைக் குழந்தையின் நன்மையை வைத்துக் கோர்ட் முடிவு செய்யும். யாரிடம் வளர்ந்தாலும் செலவு வந்தாக வேண்டும். ஒழுங்காகப் பணம் அனுப்புகிற அப்பாவுக்குப் பிள்ளையைப் பார்க்கிற பாக்கியத்தை மறுப்பதும் பாவம்தான். அத்தா வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால், அந்தப் பிள்ளையின் பாதி வயிற்றுவலி தானாக ஓடிவிடும்.

"எனக்கே வருமானம் பத்தலை, எங்கேருந்து கொடுப்பேன்?" என்று கேட்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கோர்ட் உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை போடும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், கணவன் மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மனைவி வேலைக்குப் போகிறவளாக இருந்தால், பிள்ளைச் செலவில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால், கை கால் நன்றாக இருக்கிற மனிதர், "வேலை இல்லை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது. மறுகல்யாணம் செய்துகொண்டதும் ஒரு சாக்கு ஆகாது. புதுக் குடும்பம் வந்தால் பழைய பிள்ளை அனாதையாகிவிடுமா என்ன?

என்ன செய்யலாம்?

கணவர் வீடு பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கலாம். பெண் திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், இங்கே உள்ள கோர்ட்டிலேயே மனுப் போடலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. குடும்ப நலக் கோர்ட் உள்ள இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்.

வக்கீல் பீஸுக்குப் பயப்படாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. அடி, உதை, வீட்டைவிட்டு விரட்டுவது என்று கொடுமை நடந்திருந்தால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் பண உதவி கேட்கலாம். அதற்கு மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

போகும்போது இவற்றை எடுத்து வையுங்கள்: பள்ளிவாசல் நிக்காஹ் தப்தரின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூட பீஸ் ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு, மருந்து பில், வீட்டு வாடகை ரசீது, கணவரின் வேலை பற்றிய விவரம். பால் கணக்குச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். "மாசம் இவ்வளவு ஆகுது சார்" என்று வாயால் சொல்வதைவிட, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிய கணக்குக்கு மதிப்பு அதிகம்.

வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்கள். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து கூடியவரை 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். 2001 வரை, எவ்வளவு வசதியான கணவராக இருந்தாலும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவு போட முடியாமல் இருந்தது. அந்த உச்சவரம்பை அந்த வருடமே நீக்கிவிட்டார்கள்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? பாக்கி சேரட்டும் என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூலுக்கு மனுப் போட வேண்டும். பாக்கி வைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் தண்டனை உண்டு. ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் கடன் கழியாது, பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வசதியே இல்லாத தகப்பன் என்றால்?

இதற்குத்தான் நம் நாட்டில் இன்னும் சரியான பதில் இல்லை. 1986 சட்டப்படி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெண்ணை அவளுக்கு வாரிசாகக் கூடிய சொந்தக்காரர்களும், அவர்களுக்கும் முடியாதபோது வக்ஃபு வாரியமும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொந்தக்காரர் மீதும் தனித்தனியாக வழக்குப் போட்டுத் தோற்றுவிட்டுத்தான் வாரியத்திடம் வர வேண்டும் என்பதில்லை, நேரடியாகவே கேட்கலாம் என்று தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் வழக்கிலேயே 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால், அதை எத்தனை பெண்களிடம் யார் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்?

இந்த விஷயத்தில் சில முஸ்லிம் நாடுகள் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்திருக்கின்றன. துனிசியா 1993-ல் ஜீவனாம்ச உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்தியது. கோர்ட் உத்தரவு போட்டும் கணவன் கொடுக்கவில்லையா? அந்த நிதியிலிருந்து பெண்ணுக்கும் குழந்தைக்கும் முதலில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் கணவனிடமிருந்து வசூலிப்பது அரசாங்கத்தின் தலைவலி. எகிப்தில் 2004-ல் குடும்பக் காப்பீட்டு நிதி வந்தது, நாசர் சமூக வங்கி மூலமாகப் பணம் கிடைக்கிறது. மொராக்கோவும் 2004-ல் தன் குடும்பச் சட்டத்தைச் சீர்திருத்தி, பிறகு இதேபோல ஒரு நிதியை உருவாக்கியது.

எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்! ஓடி ஒளிகிற ஆளைத் துரத்திப் பிடிக்க அரசாங்கத்தால் முடியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாயால் முடியுமா? மதிய உணவுத் திட்டத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு, இதிலும் முன்னால் நிற்கலாமே! மதம் எதுவென்று பார்க்காமல், கோர்ட் உத்தரவு இருந்தும் பணம் வராத எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு நிதி வேண்டும். கேட்காமல் எதுவும் கிடைக்காது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, லைட் கேட்கிற மாதிரி இதையும் கேளுங்கள்.

ஜமாத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே தனி ஜமாத்தை ஏன் தொடங்கினார்? தங்கள் வழக்கைத் தாங்கள் இல்லாமலே ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள் என்ற ஆற்றாமையில்தானே? தலாக், குலா எதைப் பேசினாலும் அந்தப் பெண்ணையும் எதிரில் உட்கார வைத்துப் பேசுங்கள். உங்கள் சமரசத் தாளில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். அப்படிச் செய்தால் பாதிப் பேர் கோர்ட்டுக்கே போக வேண்டியிருக்காது.

மற்ற வாசகர்களே, உங்கள் தெருவிலும் உங்கள் சொந்தத்திலும் ஒரு ஜோடி பிரியும்போது, சீர்வரிசைப் பாத்திரம் எத்தனை, நகை எத்தனை பவுன் என்றெல்லாம் உட்கார்ந்து எண்ணுவீர்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே யாராவது ஒருவர் துணிந்து இந்தக் கேள்வியையும் கேளுங்கள்:

"பிள்ளைக்கு மாசம் எவ்வளவு? எந்தத் தேதிக்குள்ளே வரும்? அதை எழுத்தில் போடுங்க!"

பதில் எழுத்தில் வருகிறவரை யாரும் எழுந்து போகாதீர்கள்.